நீ, நீர், நீங்கள்: தமிழில் மரியாதைச் சொல் கடந்த வழி

தமிழில் ஒருவரை முன்னிலையில் அழைக்கும்போது நடுநிலையான சொல் என்று ஒன்று கிடையாது. ‘வா’ என்றோ ‘வாருங்கள்’ என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன மாத்திரத்தில் எதிரே நிற்பவர் பெரியவரா, சிறியவரா, நெருங்கியவரா, அயலாரா என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. எதிரே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசினாலும் ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று வினைமுற்று அவருடைய தகுதியை அறிவித்துவிடும். பேச்சு வழக்கில் இந்தப் பகுப்பு இன்னும் நுட்பமானது. மதிப்புக்குரிய ஆண் ‘அவரு’ ஆகிறார். மதிப்புக்குரிய பெண்ணோ பெரும்பாலும் ‘அவங்க’ ஆகிறார். இந்த ஏற்பாடு மொழியோடு பிறந்ததன்று. அது வளர்ந்த வரலாற்றைப் பெருமளவு தடம்பிடிக்க முடியும். அந்த வரலாறு, யார் யாரைப் பணிய வைத்தார்கள், பணிந்தவர்கள் எப்போது நிமிர்ந்தார்கள் என்ற வரலாறுமாகும்.

இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று தொல்காப்பியம். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது உயர்த்திச் சொல்லும் பேச்சு வழக்கில் உண்டென்றும், இலக்கண நெறிப்படி அது முறையன்று என்றும் சொல்லதிகாரம் கூறுகிறது. தொல்காப்பியரின் காலத்திலேயே மக்கள் வாயில் மரியாதைப் பன்மை புழங்கியிருக்கிறது என்பதும், செய்யுளுக்குரிய மொழி அதை இன்னும் ஏற்கவில்லை என்பதும் இந்த ஒரே விதியால் தெரிகின்றன. சங்கப் பாடல்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தனையும் வள்ளலையும் பெரும்பாலும் ‘நீ’ என்றே விளிக்கிறார்கள். ‘நின்’ நாடு, ‘நின்’ வேல் என்றே பேசுகிறார்கள். பரிசில் வேண்டி நிற்கும் பாணனும் அரசனை ஒருமையில் அழைப்பதில் குறை காணவில்லை. உயர்வு காட்ட ‘பெரும’, ‘அண்ணல்’ போன்ற விளிகள் இருந்தன. பிரதிப்பெயர் அந்தச் சுமையை இன்னும் ஏற்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் நிலைமை மாறிவிடுகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மயங்குவது இயல்பே என்று பவணந்தி ஏற்றுக்கொள்கிறார். தொல்காப்பியர் முறையன்று என்று ஒதுக்கியது நன்னூலில் வழுவமைதியாக உள்ளே வந்துவிட்டது. சினமும் இழிவும் அதே பட்டியலில் இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். ஒருவரை உயர்த்தும் கருவியும் தாழ்த்தும் கருவியும் ஒன்றுதான் என்பது இலக்கணக்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பன்மை வடிவங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. ‘நீர்’ முதலில் பலரைக் குறித்தது. அது ஒருவருக்கு மரியாதையாக வழங்கத் தொடங்கியதும், பலரைக் குறிக்க வேறொன்று தேவைப்பட்டது. தொல்காப்பிய காலத்தில் அஃறிணைக்கு மட்டும் உரியதாக இருந்த ‘கள்’ விகுதி உயர்திணைக்கு ஏறி ‘நீங்கள்’ வலுப்பெற்றது. பின்னர் அதுவும் ஒருவருக்குரிய மரியாதையாயிற்று. அதற்கும் மேலே வைக்கத் ‘தாங்கள்’ வந்தது. படர்க்கையிலும் இதே கதைதான். ‘அவர்’ பலரிலிருந்து ஒருவராகச் சுருங்க, பலருக்கு ‘அவர்கள்’ வந்தது. இன்று மேடைகளில் ‘அமைச்சர் அவர்கள்’ என்று அதுவும் ஒருவருக்கே போகிறது. மரியாதைச் சொல் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் அதன் மதிப்பு குறைகிறது. மதிப்பை விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள் புதிதாக ஒன்றை மேலே அடுக்குகிறார்கள்.

சோழர் கல்வெட்டுகளில் அரச மரியாதை இலக்கணத்துக்குள் நன்றாக இறங்கிவிட்டது. ‘உடையார்’, ‘தேவர்’ என்று அரசனின் பெயர் பன்மை விகுதியோடுதான் பொறிக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கொடைக் கல்வெட்டு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் முதலாம் ராஜராஜன் தன்னை ‘நாம்’ என்கிறான். தமக்கை குந்தவையை ‘அக்கன்’ என்று வீட்டுச் சொல்லால் குறிக்கிறான். ஆளும் குரலின் தன்மைப் பன்மையும் உறவின் எளிமையும் ஒரே கல்லில் அருகருகே நிற்கின்றன. பிற்காலத் தமிழ் அரசியலில் பெரும் பங்கு வகிக்கப்போகும் இரண்டு வழிகளும் இவையே.

கடவுளை அழைப்பதில் தமிழர் ஒரே முறையைக் கைக்கொள்ளவில்லை. நாயன்மாரும் ஆழ்வாரும் இறைவனை ‘நீ’ என்று உரிமையோடு அழைக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களோ பின்வந்தோரால் ‘ஆர்’ விகுதியோடு, பன்மையில், வணக்கத்துடன் சொல்லப்படுகின்றன. கிறித்தவ வேதாகம மொழிபெயர்ப்புகள் இறைவனுக்கு ‘நீர்’ என்பதைத் தேர்ந்தன. தமிழகத்தின் பல பகுதிகளில் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட அந்த வடிவம் தேவாலய ஜெபங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் அல்லாஹ்வை ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும் ஒருமையிலேயே சொல்கிறார்கள். இறைவன் ஒருவனே என்ற கொள்கைக்குப் பன்மை ஒவ்வாது. ‘ன்’ விகுதி எப்போதும் இழிவு, ‘ர்’ விகுதி எப்போதும் உயர்வு என்ற எண்ணத்தை இந்த மூன்று வழக்குகளும் சேர்ந்து மறுக்கின்றன. யார், யாரிடம், எந்த உறவில் சொல்கிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

நிலமும் சாதியும் ஆண்ட இடங்களில் அந்த உறவு மிகக் கொடியதாக இருந்தது. திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில் புலையர்களின் பேச்சுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளைப் பதிவு செய்திருக்கிறார். மேல்சாதியார் முன்னால் புலையர் ‘நான்’ என்று சொல்லக்கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக்கூடாது. அழுக்குக் கஞ்சி என்ற பொருளுடைய சொல்லால்தான் சொல்ல வேண்டும். தன் வீட்டைக் குடிசை என்றும், பெற்ற பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்றும் குறிப்பிட வேண்டும். மூச்சுக்காற்று பட்டுத் தீட்டாகிவிடாதபடி பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவரை உயர்த்துவதோடு இந்த முறை நிற்கவில்லை. தன்னையும் தன் உணவையும் தன் குழந்தையையும் தானே இழித்துச் சொல்லும்படி ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்தியது. ஆதிக்கம் தன் வேலையை அடிபட்டவரின் நாவைக் கொண்டே முடித்துக்கொண்டது.

தமிழ்ப் பகுதிகளில் சொற்கள் வேறு, ஏற்பாடு ஒன்றே. காவிரிப் படுகையின் பண்ணையாட்கள் நிலக்கிழாரை ‘ஆண்டை’ என்றார்கள். பிற இடங்களில் ‘சாமி’, ‘எசமான்’ என்ற விளிகள் இருந்தன. வெள்ளை அதிகாரிக்குத் ‘துரை’ கிடைத்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் வெள்ளாள ஆணை ‘நயினார்’ என்றும் பெண்ணை ‘நாச்சியார்’ என்றும் அழைக்க வேண்டியிருந்தது, கே. டானியலின் நாவல்களில் இந்த விளிகள் இரத்தமும் சதையுமாக இடம்பெறுகின்றன. எதிர்த்திசையில் வந்தது ‘நீ’யும் ‘டா’வும் ‘அடி’யும்தான். பெயருக்கும் இது பொருந்தியது. ‘கந்தசாமி’, ‘கந்தையா’ என்ற நிறைவான வடிவம் ஒரு பிரிவினருக்கு; வெறும் ‘கந்தன்’ மற்றவர்களுக்கு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த ஏற்பாட்டின் மேல் பல முனைகளிலிருந்து அடி விழுந்தது. முதல் அடியைக் கொடுத்தவர்கள் அதனால் மிகவும் துன்புற்றவர்களே. தங்களைக் குறிக்க மற்றவர்கள் வைத்த பெயர்களை அவர்கள் மறுத்தார்கள். எம்.சி. ராஜா போன்ற தலைவர்களின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு, ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற சொற்களுக்கு மாற்றாக ‘ஆதி திராவிடர்’ என்பதை ஆவணங்களில் ஏற்றது. ஒரு மக்கள் கூட்டம் தன்னை இப்படித்தான் அழைக்க வேண்டும் என்று அரசிடம் கேட்டுப் பெற்றது சிறிய செய்தியன்று.

சுயமரியாதை இயக்கம் அடுத்த அடியை உயர்த்தப்பட்ட பெயர்களின் மேல் வைத்தது. 1927-இல் அதன் தலைவர் ஈ.வெ. ராமசாமி (பெரியார்) தம் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் நிறைவேற்றியது. பெயருக்குப் பின்னால் சாதியை எழுதுவது இன்று தமிழ்நாட்டில் கூச்சத்துக்குரியதாகியிருக்கிறது; இந்தியாவின் மிகப் பல மாநிலங்களில் காண முடியாத இந்த வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. சோவியத் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் சென்று 1932-இல் திரும்பிய பெரியார், ‘ஸ்ரீ’, ‘திரு’ போன்ற எல்லா அடைமொழிகளையும் விட்டு ஒருவரையொருவர் ‘தோழர்’ என்றே அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் எல்லோரையும் ஒருமையில் அழைத்துச் சமத்துவத்தைக் கொண்டுவர முயன்றார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்களும் பிரபுவை ஒருமையில் விளித்துச் சிறை சென்றார்கள். தமிழகத்தின் முயற்சி மறுவழியில் போனது. இங்கே யாரையும் ‘நீ’க்கு இறக்கச் சொல்லவில்லை; எல்லோரையும் ‘தோழர்’ என்ற ஒரே படிக்கு ஏற்றச் சொன்னார்கள். காலங்காலமாக ‘நீ’ மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வழியே நியாயமானது.

தஞ்சை வயல்களில் ‘தோழர்’ என்ற சொல்லுக்கு உடலும் வந்தது. 1940-களில் தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் தலைமையில் கம்யூனிஸ்டுகள் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளை ஒழிப்பதும் கூலி உயர்வும் அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானவை. தோளில் துண்டு போடுவதும், நிமிர்ந்து நின்று பதில் சொல்வதும், ஆண்டையை ‘ஆண்டை’ என்று அழைக்க மறுப்பதும் அதே போராட்டத்தின் பகுதிகளாயின. ஒரு சொல்லை விடுவதற்குக் கூலி கேட்பதற்குச் சமமான துணிச்சல் வேண்டியிருந்தது.

திராவிட இயக்கத்தின் பிற்காலம் உறவுச் சொற்களைப் பிடித்துக்கொண்டது. சி.என். அண்ணாதுரை ‘அண்ணா’ ஆனார். 1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் தொண்டர்களைத் ‘தம்பி’ என்று விளித்துக் கடிதங்கள் எழுதினார். மு. கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று அழைத்தார். 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு அரசு வழக்கில் ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ போய்த் ‘திரு’, ‘திருமதி’ நிலைபெற்றன. சாதியும் பட்டமும் சொல்லாத இந்த அழைப்புகள் பல்லாயிரம் பேரை அரசியலுக்குள் கொண்டுவந்தன. எனினும் அண்ணனும் தம்பியும் சமமானவர்கள் அல்லர். தமிழ்க் குடும்பத்தில் மூத்தவர் இளையவரை ‘நீ’ என்பார், இளையவர் அப்படிச் சொல்ல மாட்டார். தலைவருக்கும் தொண்டருக்கும் இடையே சாதிப்படி அகன்றது. குடும்பப்படி வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஜெயலலிதாவை அமைச்சர்கள் ‘அம்மா’ என்றே அழைத்தபோது அந்தப் படி எவ்வளவு செங்குத்தானது என்று எல்லோரும் கண்டார்கள்.

இந்த வழக்குகளை மொழியியலாளர்கள் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட வரலாறும் நூற்றாண்டைத் தாண்டியது. பிரெஞ்சு அறிஞர் ழூல் பிளாக் 1910-இல் தமிழின் சாதிக் கிளைமொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1958-இல் ஜான் கம்பர்ஸ் உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து, தீண்டாமைக்கு ஆளானவர்கள் மேல்சாதியாரோடு நாள்தோறும் வேலை செய்தும் அவர்களுடைய பேச்சு வேறுபட்டே இருப்பதைக் காட்டினார். பேச்சை நெருங்கச் செய்வது வேலைத் தொடர்பன்று, நட்புத் தொடர்பே என்பது அவருடைய முடிவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மு. சண்முகம் பிள்ளை 1965-இல் உறவுமுறைச் சொற்கள் சாதிக்குச் சாதி மாறுவதை எழுதினார். ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் பிராமணர், பிராமணரல்லாதார் பேச்சில் மாற்றங்கள் எந்தத் திசையில் நிகழ்கின்றன என்று ஒப்பிட்டார்கள்.

இவை பெரும்பாலும் யார் எப்படிப் பேசுகிறார் என்ற கேள்வியைச் சுற்றின. யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்ற கேள்விக்கு வழி திறந்தது 1960-இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் எழுதிய கட்டுரை. ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்த அவர்கள், அவற்றின் பின்னால் இரண்டு விசைகளைக் கண்டார்கள்: ஒன்று அதிகாரம், மற்றது நெருக்கம். ஒருமை இரு பக்கமும் பரிமாறப்பட்டால் அது நெருக்கம். பன்மை இரு பக்கமும் பரிமாறப்பட்டால் அது இடைவெளியுள்ள மதிப்பு. ஒரு பக்கம் ஒருமையும் மறுபக்கம் பன்மையும் போனால் அது அதிகாரம். தமிழ்ப் பேச்சைத் திறக்க இதைவிட நல்ல சாவி இல்லை. கல்லூரி நண்பர்கள் இருவர் ஒருவரையொருவர் ‘டா’ போட்டுப் பேசும்போது யாரும் சிறுமைப்படுவதில்லை. இருவரும் அதைத் திருப்பிச் சொல்லலாம். அதே ‘டா’வைக் காவல் நிலையத்தில் விசாரணைக்கு வந்தவர் கேட்கும்போது திருப்பிச் சொல்ல முடியாது. சொல்லின் கொடுமை அந்த முடியாமையில் இருக்கிறது.

இந்தச் சாவியைத் தமிழ்க் கிராமம் ஒன்றில் நேரடியாகப் பயன்படுத்தியவர் ஸ்டீபன் லெவின்சன். 1970-களில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1977-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை அளித்தார். கொங்குப் பேச்சு இந்த வேலைக்கு ஏற்ற களம். ‘ஏனுங்க’, ‘இல்லீங்க’, ‘வர்றனுங்க’ என்று மரியாதை அங்கே பிரதிப்பெயரோடு நிற்காமல் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சாதியார் எந்தச் சாதியாருக்கு ‘நீ’ கொடுக்கிறார்கள், யாரிடமிருந்து ‘நீங்க’ பெறுகிறார்கள், எந்த விளியைச் சேர்க்கிறார்கள் என்று லெவின்சன் கட்டம் கட்டிப் பதிவு செய்தார். யார் கையால் யார் உண்பார் என்பதை அட்டவணையிட்டு மானிடவியலாளர்கள் சாதி வரிசையைக் கண்டுபிடித்ததுண்டு. பேச்சை அட்டவணையிட்டாலும் வரிசை வெளிப்பட்டது. உணவுப் பரிமாற்றம் எப்போதாவது நடப்பது. பேச்சோ நாள்தோறும், தெருவில், வயலில், கடை வாசலில் நடக்கிறது. ஒவ்வொரு ‘வாங்க’வும் ‘வா’வும் அந்த வரிசையை மறுபடி நிலைநாட்டுகின்றன.

பெனலபி பிரவுனுடன் சேர்ந்து அவர் 1978-இல் வெளியிட்டதும் 1987-இல் தனி நூலாக வந்ததுமான பணிவு பற்றிய கோட்பாடு உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிப்பது. ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால் மொழி, கொங்குத் தமிழ் ஆகிய மூன்றுமே அதன் அடித்தளத் தரவுகள். பேசுவோருக்கிடையே உள்ள தொலைவு, அதிகார வேறுபாடு, கேட்கப்படும் காரியத்தின் சுமை ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தே ஒருவர் எவ்வளவு பணிவாகப் பேசுவது என்று முடிவு செய்கிறார் என்பது அதன் மையக் கருத்து. கொங்குக் குடியானவர்களின் அன்றாடப் பேச்சு அந்த உலகக் கோட்பாட்டுக்கு ஒரு தூணாக இருப்பதைத் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியவில்லை, அறிய வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சு. சுசீந்திரராஜா 1970-களில் அங்குள்ள சமூகத்தில் சாதிக்கும் மொழிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். தமிழகத்தில் பேசப்படும் பிராமணர், பிராமணரல்லாதார் வேறுபாடு அங்கே முதன்மையானதன்று. எண்ணிக்கையிலும் நிலத்திலும் ஆதிக்கம் வெள்ளாளரிடமே இருந்தது. ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்ற மூன்று படிகளும் யாழ்ப்பாணப் பேச்சில் உயிரோடு இருப்பது இன்னொரு சிறப்பு. ஆசிரியர் வளர்ந்த மாணவரையும், மூத்த ஊழியர் இளையவரையும் ‘நீர்’ என்பார். ‘நீ’ போல இறக்கவும் இல்லை, ‘நீங்கள்’ போல விலக்கவும் இல்லை. தமிழகத்தில் திருநெல்வேலி, குமரிப் பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் இந்த நடுப்படி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

வீட்டுக்குள்ளும் அதே இலக்கணம் இயங்குகிறது. மிகப் பல தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தாயை ‘நீ’ என்றும் தந்தையை ‘நீங்கள்’ என்றும் அழைக்கிறார்கள். தாயிடம் நெருக்கம், தந்தையிடம் அதிகாரம் என்று அன்பாக விளக்குவதுண்டு. ஆனால் கணவன் மனைவியை ‘நீ’ என்பதும் மனைவி கணவனின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘என்னங்க’ என்பதும் அதே வீட்டில் நடப்பவை. குழந்தை முதலில் கற்கும் அதிகாரப் பாடம் இதுவே. அண்மைத் தலைமுறைத் தம்பதியரில் பலர் இருவழி ‘நீ’க்கு மாறியிருப்பது பெரிய மாற்றம். பள்ளிப் பாடநூல்களில் ‘கட்டினான்’ என்றிருந்த அரசர்கள் ‘கட்டினார்’ ஆகியிருப்பதைவிட இது முக்கியமானது.

தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் தம் பாட்டியை அந்த வீட்டின் சின்னஞ்சிறு குழந்தைகள் பேர் சொல்லி அழைத்து வேலை ஏவுவதையும், பாட்டி அந்த வீட்டுச் சிறுவனை ‘அய்யா’ என்று அழைப்பதையும் பாமா அதில் எழுதியிருக்கிறார். தமிழில் வயதுக்கு உண்டென்று எல்லோரும் நம்பும் மரியாதை சாதியின் முன் செல்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனியாகவே குறிப்பிட்டது. எழுபது வயது முதியவரை ஒரு பையன் ‘நீ வா’ என்று கூப்பிட்டால் அதற்கென்று எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவும் இல்லை.

இன்று தமிழ்நாட்டு நகரங்களில் முன்பின் அறியாத இருவர் பேசிக்கொண்டால் ‘நீங்க’ என்பதே பொது வழக்கு. வங்கியிலும் பேருந்திலும் கடையிலும் அது இரு பக்கமும் போகிறது; நூறாண்டுப் போராட்டத்தின் விளைவு அது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும், சாக்கடை அள்ளும் தொழிலாளியும், உணவகத்தில் மேசை துடைக்கும் பெரியவரும் இன்னும் பல இடங்களில் ‘நீ’யைக் கேட்டு ‘நீங்க’ என்று பதில் சொல்கிறார்கள். அவர்களிடமும் ‘வாங்க’ என்று சொல்ல எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.